நிரூபிக்கப்படவில்லை தீர்ப்பு (ஸ்காட்லாந்து)

நிரூபிக்கப்படவில்லை என்பது ஸ்காட்லாந்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் வழக்கில் இருந்த ஒரு விடுதலைத் தீர்ப்பு ஆகும். பெரும்பாலான நாடுகளில் குற்ற வழக்கு ஒன்று 'குற்றவாளி', 'குற்றவாளி அல்லர்' என்னும் இரண்டு முடிவுகளுள் ஒன்றை எட்டும். ஸ்காட்லாந்தில் இவற்றுடன் மூன்றாவதாக இத்தீர்ப்பும் இருந்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025 செப்டம்பர் 17 அன்று நிறைவேற்றிய 'பாதிக்கப்பட்டோர், சாட்சிகள், நீதிச் சீர்திருத்தச் சட்டம்' இதனை நீக்கியது. 2026 சனவரி 1 முதல் தொடங்கும் விசாரணைகளில் இத்தீர்ப்பை வழங்க இயலாது. அதே சட்டம், ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்மானிக்கத் தேவையான ஜூரி வாக்குகளை 8 இலிருந்து 10 ஆக உயர்த்தியது. இவ்விரண்டு மாற்றங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

பின்னணி

ஸ்காட்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதி எனினும் அதன் சட்ட முறைமை இங்கிலாந்தின் சட்ட முறைமையிலிருந்து வேறுபட்டது. 1707 இல் இரு நாடுகளும் ஒன்றிணைந்தபோது ஸ்காட்லாந்தின் சட்டங்களும் நீதிமன்றங்களும் தனித்தே நீடிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. 1999 இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மீண்டும் அமைந்தபின், குற்றவியல் சட்டங்களுள் பெரும்பாலானவற்றை அதுவே இயற்றி வருகிறது.

ஸ்காட்லாந்தின் குற்றவியல் நடைமுறைக்கு நான்கு தனிக்கூறுகள் இருந்தன.

1. ஜூரியில் 15 பேர் இடம்பெறுவர். இங்கிலாந்தில் 12 பேர்.
2. சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது. 15 பேரில் 8 பேர் உடன்பட்டால் ஒருவரைக் குற்றவாளி எனலாம்.
3. துணைச் சான்று தேவை. குற்றத்தின் முக்கியக் கூறுகளை நிறுவ, ஒன்றையொன்று சாராத இரு மூலங்களிலிருந்து சான்று வேண்டும்.
4. விடுதலைத் தீர்ப்புகள் இரண்டு இருந்தன.

இங்கிலாந்தில் ஜூரியின் முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். நீதிபதி அனுமதித்தால் 12 பேரில் 10 பேரின் உடன்பாடு ஏற்கப்படும். அதுவும் எட்டப்படாவிடில் மறுவிசாரணை நடைபெறலாம். ஸ்காட்லாந்தில் அந்நிலை எழுவதில்லை. தேவையான வாக்குகள் கிடைக்காவிட்டால் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையாவார்.

தோற்றம்

17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து ஜூரியின் பணி சுருக்கப்பட்டது. குற்றப்பத்திரிகையில் கூறப்பட்ட நிகழ்வுகள் 'நிரூபிக்கப்பட்டன' அல்லது 'நிரூபிக்கப்படவில்லை' என்று மட்டும் ஜூரி கூறும். அதன் அடிப்படையில் குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிபதிகள் முடிவு செய்வர்.

1728 இல் ஃபின்ஹேவன் நிலக்கிழார் ஜேம்ஸ் கார்னகி மீதான வழக்கு இதனை மாற்றியது. குடிபோதையில் எழுந்த சண்டையில் அவர் வேறொருவரைக் குறிவைத்து வீசிய வாள், இடையில் வந்த ஸ்ட்ராத்மோர் பிரபுவைக் கொன்றது. நிகழ்வு நிரூபிக்கப்பட்டது என ஜூரி கூறினால் மரண தண்டனை கிடைக்கும் நிலை இருந்தது. குற்றம் உண்டா என்பதைத் தீர்மானிக்கும் பழைய உரிமை ஜூரிக்கு உண்டு என அவரது வழக்குரைஞர் ராபர்ட் டண்டாஸ் வாதிட்டார். ஜூரி 'குற்றவாளி அல்லர்' என அறிவித்தது. இதன்பின் அத்தீர்ப்பு வழக்கிற்கு வந்தது. ஆயினும் 'நிரூபிக்கப்படவில்லை' என்பதும் மறையாமல் இரண்டாவது விடுதலைத் தீர்ப்பாக நிலைத்தது.

இத்தீர்ப்பு வழங்கப்பட்ட வழக்குகளுள் 1857 இல் நடைபெற்ற மேடலின் ஸ்மித் வழக்கு மிகவும் அறியப்பட்டதாகும். கிளாஸ்கோவைச் சேர்ந்த இப்பெண், முன்னாள் காதலரை ஆர்சனிக் நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். கொலைக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என ஜூரி அறிவித்தது.

சட்டப் பொருள்

சட்டத்தின் பார்வையில் இரு விடுதலைத் தீர்ப்புகளுக்கும் வேறுபாடு இருந்ததில்லை. இரண்டிலும் குற்றஞ்சாட்டப்பட்டவர் முழுமையாக விடுவிக்கப்படுவார். 'நிரூபிக்கப்படவில்லை' எனில் அவரை மீண்டும் விசாரிக்கலாம் என்ற கருத்து பரவலாக உண்டு, அது தவறானது. புதிய சான்று போன்ற காரணங்களுக்காக மறுவிசாரணைக்கு இடமளிக்கும் 2011 ஆம் ஆண்டின் சட்டம் இருவகை விடுதலைகளுக்கும் ஒரே விதமாகவே பொருந்தும்.

இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஜூரிக்கு விளக்க முற்பட வேண்டாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நீதிபதிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. எனவே பொருள் விளக்கப்படாத ஒரு சொல்லை ஜூரி பயன்படுத்தி வந்தது.

விமர்சனங்கள்

எதிர்ப்பாளர்களின் வாதம் இருதரப்பையும் சார்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் அவர்மீதான ஐயம் நீங்குவதில்லை. பாதிக்கப்பட்டவருக்கோ, தாம் கூறியது நம்பப்பட்டதா இல்லையா என்பது தெரிவதில்லை. பாலியல் வன்முறை வழக்குகளில் இத்தீர்ப்பு பிற வழக்குகளைவிட மிகுதியாக வழங்கப்பட்டதால், பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் இதனை நீக்கக் கோரின.

8 வாக்குகளே போதுமான ஒரு முறையில், ஐயமுள்ள ஜூரி உறுப்பினருக்கு இது ஒரு காப்பாக அமைகிறது என்று வழக்குரைஞர்கள் பலர் இதனை ஆதரித்தனர். 2019 இல் வெளியான ஆய்வு ஒன்றில் 64 மாதிரி ஜூரிகள் கலந்துகொண்டன. இத்தீர்ப்பின் பொருளைப் பற்றி உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்துகள் கொண்டிருந்ததும், இத்தீர்ப்பு இல்லாதபோது 'குற்றவாளி' என்பதை நோக்கிச் சிலர் சாயக்கூடும் என்பதும் அதில் தெரியவந்தன.

நீக்கமும் புதிய பெரும்பான்மையும்

2016 இல் தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த நீக்க முன்வரைவு தோல்வியடைந்தது. 2023 இல் அரசு அறிமுகப்படுத்திய முன்வரைவு, ஜூரியை 12 பேராகக் குறைத்து 8 பேரின் உடன்பாட்டைக் கோரியது. பாலியல் வன்புணர்வு வழக்குகளை ஜூரி இன்றி விசாரிக்கும் சோதனைத் திட்டமும் அதில் இருந்தது. வழக்குரைஞர்களின் கடும் எதிர்ப்பை அடுத்து 2024 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஜூரியில் 15 பேரே தொடர்வது எனவும் மூன்றில் இரு பங்கு வாக்கு தேவை எனவும் மாற்றப்பட்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். 15 பேரில் 9 பேர் 'குற்றவாளி' என்றும், 6 பேர் 'நிரூபிக்கப்படவில்லை' என்றும் கருதுவதாகக் கொள்வோம். பழைய முறையில் அவர் தண்டிக்கப்படுவார். புதிய முறையில் அந்த 6 பேரும் 'குற்றவாளி அல்லர்' எனக் கூறினால், 9 வாக்குகள் போதாமையால் அவர் விடுதலையாவார். அந்த 6 பேரில் ஒருவர் மறுபக்கம் சாய்ந்தால் 10 வாக்குகள் சேர்ந்து அவர் தண்டிக்கப்படுவார். நடுவிலிருந்த தீர்ப்பை நீக்கியதால் ஏற்படும் சாய்வை ஈடுசெய்யவே பெரும்பான்மை உயர்த்தப்பட்டது. இவ்வுயர்வு தண்டனை பெறுவதைக் கடினமாக்கும் எனப் பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் அஞ்சின. வழக்குரைஞர் தரப்பினரோ இங்கிலாந்தைப் போல ஒருமனதை ஒட்டிய முடிவைக் கோரினர்.

துணைச் சான்று விதி தொடர்கிறது. எனினும் பாதிக்கப்பட்டவர் நிகழ்வுக்குப்பின் அடைந்த மனத்துயரைப் பிறர் நேரில் கண்டிருந்தால், அதனையும் துணைச் சான்றாகக் கொள்ளலாம் என 2023 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டத்தின் பிற கூறுகள்

* பாலியல் குற்றங்களுக்கெனத் தனி நீதிமன்றம்
* பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் ஓர் ஆணையர்
* பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடுவதற்குத் தடை

முந்தைய தீர்ப்புகள்

ஜூரி இன்றி நீதிபதி மட்டும் விசாரிக்கும் சிறு வழக்குகளுக்கும் இந்நீக்கம் பொருந்தும். முன்பு 'நிரூபிக்கப்படவில்லை' என வழங்கப்பட்ட தீர்ப்புகள் மாற்றப்படவில்லை. அவை விடுதலைத் தீர்ப்புகளாகவே நீடிக்கின்றன.