ஒரே சர்க்யூட், ரெண்டு சத்தம்: ஃபஸ் ஃபேஸைத் திறந்து பார்ப்போமா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒண்ணுதான்: "ஜெர்மேனியம் ஃபஸ் வாங்கவா, சிலிக்கான் வாங்கவா? அறுபதுகள்ல வந்த ஒரிஜினலுக்கு அவ்ளோ காசு கொடுக்கலாமா?" பெடலைத் திறந்து பார்த்துட்டா பதில் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

முதல்ல ஒரு குட்டிக் கதை. ஃபஸ் பிறந்ததே ஒரு ரிப்பேர்ல. மார்ட்டி ராபின்ஸோட 'டோன்ட் வொரி' பாட்டு, 1961-ல் வெளிவந்தது. நாஷ்வில்லில் அதைப் பதிவு பண்ணும்போது மிக்ஸர்ல ஒரு சேனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசிச்ச பேஸ் கரகரன்னு வந்துச்சு. அதை அப்படியே பாட்டுல விட்டுட்டாங்க. இன்ஜினியர் கிளென் ஸ்னோடி அந்தக் கரகரப்பை ட்ரான்சிஸ்டர் வச்சு செஞ்சு காட்ட, கிப்சன் கம்பெனி 1962-ல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்னு விற்க ஆரம்பிச்சுது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸோட 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வந்ததும் எல்லாருக்கும் அது வேணும்னு ஆயிடுச்சு.

இப்ப நம்ம ஹீரோ. 1966-ல் லண்டன் ஆர்பிட்டர் கம்பெனி விட்ட வட்டமான ஃபஸ் ஃபேஸ். ஹென்ட்ரிக்ஸ் காலடியில கிடந்த பெடல். உள்ளே இருக்கிறது மொத்தமே 11 பாகம்: 2 ட்ரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெபாசிட்டர், 2 குமிழ். சிக்னலை அளவுக்கு மீறிப் பெருக்கி, அலையோட தலையையும் காலையும் வெட்டி விடறதுதான் அதோட வேலை. இவ்ளோ சின்ன சர்க்யூட்ல ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. ட்ரான்சிஸ்டர் எப்படியோ, பெடலும் அப்படி.

ஆரம்பத்துல போட்டது ஜெர்மேனியம், என்கேடி275. இதுல ரெண்டு தொல்லை. ஒண்ணு, ஒரே நம்பர் அச்சடிச்ச ட்ரான்சிஸ்டர்களுக்குள்ளேயே கெய்ன் ஏகத்துக்கும் மாறும். இன்னொண்ணு கசிவு. மூடின குழாய்ல தண்ணி சொட்டுமே, அந்த மாதிரி, சிக்னலே இல்லாதப்பவும் கொஞ்சம் கரன்ட் ஓடும். சூடு ஏற ஏற அது கூடும். ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனாலதான் காலையில தேனா ஒலிச்ச பெடல் மத்தியானம் மேடையில விக்குது.

பழைய ஜெர்மேனியம் வாங்கறவங்க ஏமாறுறதும் இங்கேதான். சாதாரண மல்டிமீட்டர் அந்தச் சொட்டுத் தண்ணியையும் கெய்ன் கணக்குல சேர்த்துக் காட்டும். மீட்டர் 120 காட்டினாலும் நிஜ கெய்ன் 70 ஆக இருக்கலாம். விக்கிறவர் கெய்ன் மட்டும் சொன்னா, கசிவு எவ்வளவுன்னு கேளுங்க. முழு பெடல்னா, ரெண்டாவது ட்ரான்சிஸ்டரோட கலெக்டர்ல எத்தனை வோல்ட் இருக்குன்னு கேளுங்க. 9 வோல்ட் பேட்டரியில கிட்டத்தட்ட பாதி, அதாவது 4.5 பக்கம் இருந்தா சந்தோஷம். ரொம்பத் தள்ளி இருந்தா, சத்தம் துண்டு துண்டா அறுந்து வரலாம். எத்தனை வருஷப் பழசா இருந்தாலும் சரி.

அப்புறம் பிசி108 மாதிரி சிலிக்கானுக்கு மாறினாங்க. கெய்ன் ஜாஸ்தி, சூட்டுக்கு அசையாது, சத்தம் கூர்மை. சில நேரம் ரேடியோவும் கேக்கும், அது வேற கதை! ஆனா கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சதும் கரகரப்பு கரைஞ்சு கண்ணாடி மாதிரி சுத்தமான சத்தம் வரும் பாருங்க, அந்த சுகம் எனக்கு ஜெர்மேனியத்துலதான் கிடைச்சிருக்கு. ஆனா ஒண்ணு: இது நடக்க, கிட்டார் நேரா ஃபஸ்ஸுக்குள்ள போகணும். நடுவுல பஃபர் உள்ள பெடல் எதுவும் வேண்டாம். கிட்டாரோட பிக்கப்பும் இந்த சர்க்யூட்ல ஒரு பாகம் மாதிரிதான்.

(பிக் மஃப் பத்தி கேட்டவங்களுக்கு: 4 ட்ரான்சிஸ்டர், டயோடுகள், தனி டோன் குமிழ்னு அது வேற குடும்பம். அடுத்த எபிசோடு.)

என் கருத்து? ஏசி ரூம்ல வாசிக்கிறவங்க, நல்லாப் பொறுக்கி எடுத்த ஜெர்மேனியம் போட்ட புது பெடல் வாங்குங்க. மே மாசம் சென்னையில மொட்டைமாடி கச்சேரின்னா சிலிக்கான். ஒரிஜினலை, நேர்ல வாசிச்சுப் பார்க்காம வாங்காதீங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. பழைய ஜெர்மேனியம் ஃபஸ் ஃபேஸ்ல பாசிட்டிவ்தான் கிரவுண்ட். மத்த பெடல்களோட ஒரே அடாப்டர்ல கோத்தா ஷார்ட் ஆயிடும். அதுக்குன்னு தனியா ஒரு பேட்டரி போட்டுக்கோங்க.