காமா கதிர்ப் பதிவும் அதன் பொருள்கோளும்: பவளத்திட்டுப் படிவுகளும் மதுரைச் சமவெளியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆழ்துளையின் சுவரிலுள்ள பாறை இயற்கையாக வெளியிடும் காமா கதிர்களை ஆழவாரியாக அளப்பது காமா கதிர்ப் பதிவு எனப்படும். அளவீடு மிகுந்தால் அவ்விடம் களிமண் எனக் கொள்ளும் பொதுவிதி, பவளத்திட்டுப் படிவுகளிலும் மதுரைச் சமவெளியிலும் வெவ்வேறு காரணங்களால் பிழைபடுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காமா கதிர், ஆழ்துளை, பவளத்திட்டு, யுரேனியம், வைகை வண்டல்.

முன்னுரை

மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் அடித்தளம் சார்னோகைட், நைஸ், கிரானைட் முதலிய கடினப் பாறைகளால் ஆனது. வைகைக் கரையை ஒட்டி வண்டல் படிந்துள்ளது. கிழக்கே பாம்பன், இராமேசுவரம் பகுதிகளை அடைந்தால் பவளச் சுண்ணப்பாறை தென்படுகிறது. இவ்விரு நிலங்களிலும் ஒரே கருவியை இறக்கலாம். ஆயினும், கிடைக்கும் வளைகோடுகளை ஒரே விதியால் பொருள்கொள்ள இயலாது.

அளவீட்டு முறை

பாறைகளின் இயற்கைக் கதிரியக்கத்திற்குப் பொட்டாசியம்-40, யுரேனியத் தொடர், தோரியத் தொடர் ஆகிய மூன்றும் முதன்மைக் காரணங்களாகும். கருவியிலுள்ள சோடியம் அயோடைடு படிகம் காமா கதிர் படும்போது ஒளிர்கிறது, அவ்வொளிர்வுகள் எண்ணப்படுகின்றன. மொத்த எண்ணிக்கை, மூலம் எது என்பதைக் காட்டாது. நிறமாலைப் பதிவோ பொட்டாசியத்தை 1.46, யுரேனியத் தொடரை 1.76, தோரியத் தொடரை 2.61 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்களைக் கொண்டு பிரித்தறிகிறது. உறைக்குழாய் இறக்கப்பட்ட துளையிலும் நீரற்ற துளையிலும் இப்பதிவு இயலும் என்பது இதன் சிறப்பு.

பவளத்திட்டுப் படிவுகள்

பவளப்பாறை துளைகள் மலிந்தது, எளிதில் நொறுங்குவது. ஆதலால் துளையிடும்போது பாறை உருளைகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒருங்கிணைந்த பெருங்கடல் துளையிடல் திட்டத்தின்கீழ் 2005இல் தகித்தித் தீவிலும் 2010இல் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலும் துளையிட்டபோது, இவ்விடைவெளிகளை நிரப்ப ஆழ்துளைப் பதிவுகள் துணைநின்றன.

தூய சுண்ணப் படிவில் பொட்டாசியமும் தோரியமும் மிகக் குறைவு. ஆனால் வாழும் பவளம் கடல்நீரிலுள்ள யுரேனியத்தைத் தன் அரகோனைட்டுக் கூட்டில் ஏற்கிறது. அதன் அளவு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு. எனவே இங்குக் காமா அளவீட்டைப் பெரிதும் தீர்மானிப்பது யுரேனியமே. நன்னீர் ஊடுருவி அரகோனைட்டு கால்சைட்டாக மாறும்போது யுரேனியம் வெளியேறவும், கரிமப்பொருள் செறிந்த இடங்களில் மீண்டும் படியவும் கூடும். ஆகவே, யுரேனியம் மட்டும் உயர்ந்த இடத்தைக் களிமண் எனல் தவறு. தோரியமும் பொட்டாசியமும் உடன் உயர்ந்தால்தான் நிலத்திலிருந்து வந்த களிமண்ணையோ எரிமலைத் துகளையோ கருதலாம்.

மதுரைச் சமவெளி

இங்குச் சிக்கல் பொட்டாசியத்திலிருந்து எழுகிறது. கிரானைட்டு, நைஸ் பாறைகள் சிதைந்து உருவாகும் மணலில் பொட்டாசியம் கொண்ட பெல்ட்சுபார் துகள்கள் தங்கிவிடுகின்றன. நீர் நன்கு ஊறும் அம்மணல் அடுக்கு காமா வளைகோட்டில் களிமண்போலத் தோன்றலாம். அதனை நம்பித் துளையற்ற உறைக்குழாயை இறக்கினால், நீர்தரும் அடுக்கே அடைபடும். உழவரின் செலவு வீணாகும். கடினப் பாறையிலோ, விரிசல்களின் இரும்பு ஆக்சைடு பூச்சில் யுரேனியம் ஒட்டியிருப்பின் அளவீடு உயரலாம். அவ்வுயர்வு நீரோட்டத்தின் தடயமாக இருக்கலாம். குடிநீரின் யுரேனிய அளவைச் சோதிக்க வேண்டும் என்னும் எச்சரிக்கையுமாகலாம். உலக நலவாழ்வு நிறுவனம் குடிநீருக்குப் பரிந்துரைக்கும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

முடிவுரை

காமா கதிர்ப் பதிவு கதிரியக்கத் தனிமங்களையே அளக்கிறது. களிமண் என்பது அதிலிருந்து பெறப்படும் ஊகம். பவளத்திட்டில் யுரேனியமும் மதுரை வண்டலில் பொட்டாசியமும் அவ்வூகத்தைப் பிறழச் செய்கின்றன. நிறமாலைப் பதிவுடன் மின்தடைப் பதிவையும் துளையிடும்போது வெளிவரும் பாறைத்துகளையும் ஒப்பிட்ட பின்னரே உறைக்குழாய் அமைப்பை முடிவு செய்தல் தகும்.