தீர்வைச் சுமை யார் தலையில்?

2020 ஜனவரி 31இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிற்று. தீர்வை வந்தால் அதிகம் இழப்பவர் யாரென ஆங்கே பெரிதும் வாதிட்டனர். விடையை நம் மட்டக்களப்பு வாவிக்கரையிலேயே தேடலாம், நேயர்களே.

2010 ஆகஸ்டில் அவ்வொன்றியம் இலங்கைக்கு அளித்திருந்த ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்திற்று. 2017 மே மாதத்திலேதான் மீள வழங்கிற்று. அதுவரை நம் ஆடைகளுட் பெரும்பாலானவை 9.6 வீதத் தீர்வையைச் சுமந்தன. சட்டப்படி அதனைச் செலுத்துபவர் இறக்குமதியாளரே. ஆயினும், அவர் அதனை விலையிற் கழித்துக்கொள்ள முயல்வார் அல்லவா? ஆலை முதலாளி எதைக் குறைப்பார்? துணி பெரும்பாலும் பிறநாட்டுச் சரக்கு; கப்பற்கூலியோ அவர் கையிலில்லை. எஞ்சுவது தையற்கூலி. ஏறாவூரிலிருந்து வைகறையில் பேருந்தேறும் பெண்ணின் மேலதிக நேர வேலையே முதலில் அருகும். அவள் சீட்டுக் கட்டியிருப்பது அக்காசை நம்பித்தான்.