கைமாறக் கூடாத காசு

2025 டிசம்பர் 31 நெருங்குகிறது. வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அமைப்புகள் 2024-25 நிதியாண்டுக்கான எஃப்சி-4 கணக்கைப் பதிவேற்ற அதுதான் கடைசி நாள். ஐநா அறிவித்த சர்வதேசக் கூட்டுறவு ஆண்டும் அன்றே முடிகிறது. இரண்டைப் பற்றியும் ஒரே வாரத்தில் செய்தி வெளியானதாலோ என்னவோ, வாசகர் கடிதங்களில் இரண்டும் கலந்துவிட்டன. ‘சமூக ஒருமைப்பாட்டுப் பொருளாதாரத்துக்கு நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும் என்று ஐநாவே தீர்மானம் போட்டிருக்கிறது. அப்படியிருக்க, எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு வரவிருந்த வெளிநாட்டு உதவியை வாங்கக் கூடாது என்று ஆடிட்டர் ஏன் தடுக்கிறார்?’ பெரும்பாலான கடிதங்கள் இதைத்தான் வேறுவேறு விதமாகக் கேட்கின்றன.

ஆடிட்டர் சொல்வது சரி.

ஐநா தீர்மானத்தைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிடலாம். 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு சமூக ஒருமைப்பாட்டுப் பொருளாதாரத்துக்கு ஒரு வரையறை கொடுத்தது. விரும்பிச் சேர்ந்தவர்களின் கூட்டு முயற்சி, பரஸ்பர உதவி, உறுப்பினர்களே முடிவெடுக்கும் நிர்வாகம், தன்னாட்சி, உபரியைப் பங்கிடும்போது முதலீட்டைவிட மனிதர்களுக்கு முன்னுரிமை. யார் யார் இதற்குள் வருவார்கள் என்ற பட்டியலில் கூட்டுறவுச் சங்கங்களோடு சுயஉதவிக் குழுக்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2023 ஏப்ரல் 18 அன்று ஐநா பொதுச் சபை இதையொட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2024 டிசம்பரில் இன்னொன்று. நாடுகள் கொள்கை வகுக்கலாம், பன்னாட்டு நிதி நிறுவனங்கள் உதவலாம் என்று ஊக்குவிப்பதோடு தீர்மானத்தின் வேலை முடிந்தது. அதில் ஒரு ரூபாய் ஒதுக்கீடும் கிடையாது, எந்த நாட்டின் சட்டத்தையும் அது கட்டுப்படுத்தாது. தீர்மானத்தின் நகலைக் கணக்கோடு இணைத்தால் பலன் இருக்குமா என்று கேட்டவர்கள் அச்சுச் செலவை மிச்சப்படுத்தலாம்.

இனி, ஆடிட்டர் தடுத்த விஷயம்.

சட்டத்தின் 2-வது பிரிவில், வெளிநாட்டு நன்கொடை எது என்ற வரையறைக்கு அடியில் சில விளக்கங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2010-லிருந்தே இருப்பவைதான். முதல் விளக்கத்தின்படி, வெளிநாட்டிலிருந்து பெற்றவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தாலும், அவர் மூன்றாமவருக்குக் கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையே. இரண்டாவது விளக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்தப் பணத்துக்கு வங்கியில் சேரும் வட்டியும், அதைக் கொண்டு ஈட்டும் வேறு வருமானமும் வெளிநாட்டு நன்கொடையே. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் தீட்டு மாதிரி, எத்தனை கை மாறினாலும் பணத்தின் வெளிநாட்டுத்தன்மை போகாது. கழித்துக்கொள்ளப் பரிகாரமும் சொல்லப்படவில்லை.

இப்படி ஒரு வரையறை இருந்தும் 2020 வரை வண்டி ஓடியது. காரணம் 7-வது பிரிவு. பதிவு பெற்ற ஒரு நிறுவனம் பதிவு பெற்ற இன்னொரு நிறுவனத்துக்குப் பணத்தை மாற்றலாம்; பதிவில்லாத அமைப்புக்கும் மத்திய அரசின் அனுமதியோடு ஒரு சிறு பங்கைக் கொடுக்கலாம் என்று அது இடம் தந்தது. ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் உதவி அமைப்பு தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராமக் குழுவையும் தேடிப் பிடித்துப் பேச முடியாது. சென்னையிலோ மதுரையிலோ உள்ள பெரிய தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கீழே போகும். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் இந்தப் பிரிவைத் திருத்தியது. இப்போது வெளிநாட்டு நன்கொடையை வேறு எவருக்கும் மாற்றக் கூடாது. வாங்குபவருக்குப் பதிவு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் பெண்களின் கூட்டமைப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உமி நீக்கும் இயந்திரம் வேண்டும். பழைய முறையில், அனுமதிகள் கிடைத்தபின் பணம் கூட்டமைப்பின் கணக்குக்கே வரும். எந்தக் கம்பெனியின் இயந்திரம், எந்த ஊரில் நிறுத்துவது, அரைவைக் கூலி கிலோவுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் பெண்கள் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். தீர்மான நோட்டில் கையெழுத்தாகும். சண்டையும் நடக்கும்.

இன்றைய சட்டத்தில் அந்தப் பணம் அதைப் பெற்ற சென்னை நிறுவனத்தைத் தாண்டக் கூடாது. நிறுவனமே மூன்று கொட்டேஷன் வாங்கி, நிறுவனத்தின் பெயரிலேயே பில் போட்டு, தன் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வெளிநாட்டு நன்கொடையில் வாங்கும் சொத்து அந்த அமைப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இயந்திரம் லாரியில் மலைக்குப் போகலாம், உரிமை போகாது. பெண்கள் இப்போது ‘பயனாளிகள்’. பயனாளிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, இயந்திரத்தோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள்.

பெல்ட் அறுந்தால் யார் மாற்றுவது? பெண்கள் தங்கள் சேமிப்பிலிருந்து மாற்றினால், அது சென்னை நிறுவனத்தின் சொத்துக்கு அவர்கள் செய்த செலவு. பக்கத்து ஊர்க்காரர் சாமை கொண்டுவந்து அரைத்துவிட்டுக் கூலி கொடுத்தால்? இரண்டாவது விளக்கத்தின் வரிகளை அப்படியே படித்தால், வெளிநாட்டு நன்கொடையிலிருந்து ஈட்டிய வருமானம் அது. மலையில் விளைந்த சாமைக்கு மலைவாசி கொடுத்த இருபது ரூபாய் வெளிநாட்டுப் பணமாகிவிடுகிறது.

சுழல்நிதி என்றால் சிக்கல் இன்னும் முற்றும். உள்கடன் கொடுத்து, வட்டியோடு திரும்ப வாங்கி, அடுத்தவருக்குக் கொடுப்பதில்தான் சுயஉதவிக் குழுவே நிற்கிறது. கைமாறுவதுதான் அங்கே தொழில். கைமாறக் கூடாத பணத்தை வைத்து அதைச் செய்ய முடியாது.

சில நிறுவனங்கள் கண்டுபிடித்த சுற்றுவழி, சேவை ஒப்பந்தம். கூட்டமைப்புக்கு மானியம் தர முடியாது; ஆனால் பயிற்சி நடத்தியதற்கோ கணக்கெடுப்பு செய்ததற்கோ கட்டணம் தரலாம். கூட்டமைப்பு இன்வாய்ஸ் போட வேண்டும். வேலை உண்மையில் நடந்திருந்தால் தவறில்லை. மானியத்துக்குக் கட்டணம் என்று வேஷம் போட்டால் அதிகாரிகள் கண்ணில் படுவது நிச்சயம். கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை வவுச்சரில் எழுதியிருக்கும் ஒரு வரி தீர்மானிக்கும். கடிதம் எழுதியவர்களில் சிலர் ஏற்கெனவே அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 31-ம் தேதிக்கு முன் அந்த வவுச்சர்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அரசு சொன்ன காரணம்? 2010-க்கும் 2019-க்கும் இடையில் வெளிநாட்டு நன்கொடை வரவு ஏறக்குறைய இரட்டிப்பானது, பலர் சொன்ன காரியத்துக்குச் செலவிடவில்லை, ஆண்டுக் கணக்கையும் ஒழுங்காகத் தரவில்லை, 19,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவை ரத்து செய்ய வேண்டியதாயிற்று என்று திருத்த மசோதாவின் நோக்க உரை கூறியது. கணக்குத் தராதவர்களைத் தண்டிக்கப் பழைய சட்டத்திலேயே வழி இருந்தது என்பதற்கு அந்த 19,000 ரத்துகளே சாட்சி. ஒழுங்காகக் கணக்குக் கொடுத்து, அனுமதியும் வாங்கிப் பணத்தைக் கீழே அனுப்பியவர்களுக்கும் கதவை ஏன் சாத்த வேண்டும் என்பதற்கு நோக்க உரையில் பதில் இல்லை. வெளிப்படைத்தன்மைக்காக என்கிறார்கள். அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி இருந்த பக்கங்களை உள்துறை அமைச்சகம் 2022 ஜூலையில் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது.

சரி, மூன்றாமவருக்குத் தர முடியாது. கூட்டமைப்பே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாமே? செய்யலாம். அமைப்பு தொடங்கி 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். 15 லட்சம் செலவிடும் வசதி உள்ள கிராமக் கூட்டமைப்பு எத்தனை இருக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் போடலாம்.

வெளி உதவி என்றாலே நமக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியதே வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் கடனுதவியோடுதான். ஐநா சார்ந்த அந்த நிதியத்தின் பணம் அரசுக்கு வந்தது. மகளிர் மேம்பாட்டுக் கழகம் தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்தது. கடைசியில் யாருக்கு முதலில் கடன் என்பதைக் குழுப் பெண்களே முடிவு செய்தார்கள். இன்றைக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஐநா அமைப்புகளும் உலக வங்கியும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ‘வெளிநாட்டு மூலம்’ அல்ல. ஆகவே அரசு வழியாகக் கோடிகளில் வந்தால் சுத்தம், சிறு அமைப்பு வழியாகச் சில லட்சங்கள் வந்தால் ஐயம். 2024 நவம்பரில் கூட்டுறவு ஆண்டின் தொடக்க விழா டெல்லியில்தான் நடந்தது, பிரதமர் தொடங்கிவைத்தார். கூட்டுறவு அமைச்சகமும், இந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் உள்துறையும் ஒரே அமைச்சரிடம், அமித் ஷாவிடம், இருக்கின்றன. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க இதைவிட வசதி வேண்டுமா!

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நீதிமன்றம் போகலாமா? போனார்கள், 2020 திருத்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்துவிட்டது.

எங்கள் பனையோலைக் கூடைகளை வெளிநாட்டுக் கடை வாங்கிப் பணம் அனுப்பினால்? வியாபாரத்தில் வந்த விலை; நன்கொடையில் சேராது.

சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் குழுவுக்குப் பணம் தரலாமா? இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தரலாம். சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை.

‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டத்தில் வந்த தொகையை எஃப்சி-4-ல் காட்ட வேண்டுமா? வேண்டாம், அது அரசு வழியாக வந்த உலக வங்கிப் பணம்.

கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளம்? நிர்வாகச் செலவு, அந்த வகைச் செலவு எல்லாம் சேர்த்து, பெற்ற வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (முன்பு 50).

வெளிநாட்டு நன்கொடைக்கான ஸ்டேட் வங்கிக் கணக்கு தொடங்க டெல்லிக்கே போக வேண்டுமா? கணக்கு இருக்க வேண்டியது டெல்லி பிரதான கிளையில். விண்ணப்பத்தை உங்கள் ஊர் ஸ்டேட் வங்கியிலேயே கொடுக்கலாம்.

இந்த ஆண்டு ஒரு பைசாவும் வரவில்லை, தாக்கல் செய்ய வேண்டுமா? பதிவு இருந்தால் கட்டாயம். ‘இல்லை’ என்றே போட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

கடைசி நாளை நீட்டிப்பார்களா? கொரோனா காலத்தில் நீட்டித்தார்கள். அதை நம்பி இருக்காமல் இந்த வாரமே ஆடிட்டரைப் பிடியுங்கள், மாதக் கடைசியில் அவர் போனை எடுக்க மாட்டார்.