மழைமானி வைத்திருக்கும் கணக்கு

கம்ப்யூட்டர்கள் எவ்வளவு வளர்ந்தாலும், உங்கள் ஊருக்கு மழை வருமா என்ற கேள்விக்கான பதில் பாதி பழைய பதிவேடுகளில்தான் இருக்கிறது. அந்தப் பதிவேடுகளில் இடைவெளிகளும் ஏராளம்.

காலை 8.30 மணி. தாலுகா அலுவலக வளாகத்தின் ஒரு மூலையில், கம்பி வேலிக்குள் நிற்கும் மழைமானியின் புனலை ஊழியர் ஒருவர் கழற்றுகிறார். உள்ளே சேர்ந்திருக்கும் நீரைக் கண்ணாடி அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, பதிவேட்டில் ஓர் எண்ணை எழுதுகிறார். மழை பெய்யாத நாளானால் பூஜ்யம். ஐந்து நிமிட வேலை. இதே நேரத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் இதே காட்சி. சலிப்பூட்டும் இந்தக் கடமை ஒழுங்காக நடக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்த ஊர் விவசாயி விதைப்பதும் காத்திருப்பதும் அமைகிறது.

உள்ளூர்ப் பதிவேடு இல்லாத இடத்தில் எந்த வானிலை அறிவிப்பும் ஓரளவு யூகம்தான். இதை இந்தியா மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் பதிவானது 944 மி.மீ. அதே நகரத்தின் தென்முனையில் உள்ள கொலாபாவில் பதிவானதோ 73 மி.மீ. மட்டுமே. கொலாபாவின் எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அது வழக்கமான ஆடி மழை. வடக்கே மித்தி நதிக்கரையில் வாழ்ந்தவர்களுக்கு அது பிரளயம். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்போது மும்பையில் டாப்ளர் ரேடார் கிடையாது. நகரின் இரு பெரும் வானிலை நிலையங்களுக்கு இடையே என்ன நடக்கிறது என்று உடனுக்குடன் சொல்லப் போதுமான கருவிகளும் இல்லை.

அந்தப் பாடம் வீணாகவில்லை. மாநகராட்சி நகரின் பல பகுதிகளில் தானியங்கி மழைமானிகளை நிறுவியது. 2020 ஜூனில் மும்பைக்கென்றே ஒரு வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு துவக்கப்பட்டது. மழை அளவு, கடல் ஏற்றம், வடிகால்களின் கொள்ளளவு மூன்றையும் சேர்த்துப் பார்த்து எந்த வார்டில் தண்ணீர் தேங்கும் என்று அது கணிக்கிறது. வார்டு வாரியாகக் கணிக்க வேண்டுமானால் வார்டு வாரியாக அளந்த கணக்கு வேண்டும்.

பஞ்சம் பெற்ற பிள்ளை

மழைக் கணக்கு வைத்திருப்பது நமக்குப் புதிதல்ல. சென்னையில் 1792இல் வானாய்வகம் அமைந்தது. அந்நகரின் மழைப் பதிவு 1813இலிருந்தே கிடைக்கிறது. ஆனால் தேசம் முழுவதற்குமான ஏற்பாடு, பேரழிவுகளுக்குப் பின்னரே வந்தது. 1864இல் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. மழை பொய்த்ததன் விளைவாக 1866இல் ஒரிசாவில் பஞ்சம். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயத்தின் பனிப்பொழிவையும் சமவெளியின் மழையையும் ஒப்பிட்டு, 1880களில் பருவமழை முன்னறிவிப்பைத் துவக்கிவைத்தார். 1904இல் பொறுப்பேற்ற கணித மேதை கில்பர்ட் வாக்கர், உலகின் பல மூலைகளிலிருந்து வந்த காற்றழுத்த, மழைக் கணக்குகளை அலசினார். பசிபிக் கடலின் ஒரு புறம் அழுத்தம் ஏறினால் மறுபுறம் இறங்கும் ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தார். இன்று எல் நினோ பற்றிப் பேசும் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். வாக்கரிடம் கம்ப்யூட்டர் இல்லை. அவரிடம் இருந்தவை பதிவேடுகளும், கூட்டிக் கழிக்கும் குமாஸ்தாக்களும்தான்.

ஆனால் பழைய கணக்கை அப்படியே நம்புவதிலும் ஆபத்து உண்டு. விஞ்ஞானி வசந்த் கோவாரிகர் தலைமையில் உருவாகி 1988இல் நடைமுறைக்கு வந்த 16 அம்ச முறை, ஆண்டுக்காண்டு பருவமழை இயல்பாக இருக்கும் என்று சொல்லி நற்பெயர் வாங்கியது. 2002இலும் அப்படியே சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் மழை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பருவம் முடிந்தபோது பற்றாக்குறை 19 சதவிகிதம். மறு ஆண்டே முறை மாற்றப்பட்டது. கடலுக்கும் மழைக்கும் உள்ள உறவுகள் காலப்போக்கில் வலுவிழக்கின்றன. பதிவேட்டைத் தொடர்ந்து எழுதிவந்தால்தான் அதுவும் தெரியவரும்.

மாறிய நாட்காட்டி

பதிவுகளைத் திரும்பப் பார்த்ததால் கிடைத்த பலனுக்கு 2020ஆம் ஆண்டு நல்ல உதாரணம். பருவமழை எந்த ஊருக்கு எந்தத் தேதியில் வரும் என்ற அட்டவணை, 1901 முதல் 1940 வரை 149 நிலையங்களில் எடுத்த கணக்கின் அடிப்படையில் அமைந்திருந்தது. தாத்தா காலத்துத் தேதிகளை வைத்துக்கொண்டு, மழை தாமதம் என்றோ முன்கூட்டியே வந்தது என்றோ பேரப்பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். வானிலைத் துறை 1961 முதல் 2019 வரையிலான பதிவுகளைக் கொண்டு வருகைத் தேதிகளைத் திருத்தியது. கேரளத்தில் ஜூன் 1 மாறவில்லை. தில்லிக்கு ஜூன் 29 என்றிருந்தது ஜூன் 27 ஆனது. நாடு முழுவதையும் மழை எட்டும் நாள் ஜூலை 15லிருந்து 8க்கு முன்னே வந்தது. பெரிய மாற்றம் விடைபெறும் தேதியில்தான்: ராஜஸ்தானின் வடமேற்கு மூலையிலிருந்து மழை விலகத் துவங்கும் நாள் செப்டம்பர் 1லிருந்து 17க்குத் தள்ளிப்போனது.

இரண்டு வாரம் என்பது நகரவாசிக்கு அற்ப விஷயம். அறுவடைக்கு நாள் குறிக்கும் விவசாயிக்கும், அணையின் மதகை எப்போது மூடுவது என்று தீர்மானிக்கும் பொறியாளருக்கும் அப்படியல்ல. இயல்பு மழை என்ற அளவுகோலும் இப்படித்தான் நகர்கிறது. 1961-2010 கணக்கில் தென்மேற்குப் பருவமழையின் தேசிய சராசரி 88 செ.மீ.; 1971-2020 கணக்கில் அது 87 செ.மீ. இந்த எண்ணில் 96 முதல் 104 சதவிகிதம் வரை பெய்தால் இயல்பு மழை என்கிறார்கள். ஆனால் தேசிய சராசரியில் யாரும் பயிர் செய்வதில்லை. மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை. மலையிறங்கிக் கிழக்கே சிறிது தூரத்தில் உள்ள வாய் நகரில் 1,000 மி.மீ.கூடத் தேறாது.

இங்குதான் கம்ப்யூட்டருக்கும் பதிவேட்டுக்கும் உறவு ஏற்படுகிறது. வானிலை மாதிரிகள் நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு முறையில் கட்டத்தின் அளவு 6 கி.மீ. என்று சுருங்கிவிட்டது. ஆனாலும் ஒரு கட்டத்துக்குள் ஒரு குன்றும் பள்ளத்தாக்கும் இருக்கலாம். 20 மி.மீ. பெய்யும் என்று மாதிரி சொன்ன நாட்களிலெல்லாம் ஓர் ஊரில் 8 மி.மீ.தான் பெய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுப் பதிவு கைவசம் இருந்தால் இந்தப் பிழையைக் கண்டுபிடித்து, அடுத்த முறை அறிவிப்பைத் திருத்திக்கொள்ளலாம். பதிவு இல்லாத ஊரில், அறிவிப்பு தவறுகிறது என்பதே யாருக்கும் தெரியாது.

வெற்றுக் கட்டங்கள்

வானிலைத் துறை 1901 முதல் 2010 வரை 6,955 மழைமானி நிலையங்களின் தினசரிக் கணக்கைத் திரட்டி, நாடு தழுவிய மழை வரைபடத்தைத் தயாரித்திருக்கிறது. பிரமிப்பூட்டும் பணிதான். ஆனால் எல்லா நிலையங்களும் எல்லா ஆண்டுகளிலும் இயங்கியவை அல்ல. மானியின் அருகில் நட்ட மரம் வளர்ந்து மழையை மறைக்கும். அலுவலகம் இடம் மாறும்போது மானியும் மாறும். ஊழியர் விடுப்பில் போனால் கட்டம் காலியாக இருக்கும். அது மழை பெய்யாத நாளா, அளக்காத நாளா? இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் இல்லாத வறட்சி கணக்கில் ஏறிவிடும்.

கர்நாடகம் வழிகாட்டியிருக்கிறது. அதன் பேரிடர் கண்காணிப்பு மையம் 6,000க்கும் அதிகமான தானியங்கி மழைமானிகளைக் கிராமப் பஞ்சாயத்து தோறும் வைத்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சகம் வட்டாரத்துக்கு ஒரு வானிலை நிலையம், பஞ்சாயத்துக்கு ஒரு மழைமானி என்ற இலக்குடன் திட்டமொன்றை அறிவித்தது. இதில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இழப்பீட்டைத் தீர்மானிப்பது குறிப்பிட்ட நிலையத்தின் பதிவுதான். பக்கத்து ஊர் மானியில் மழை பெய்து, தன் வயல் காய்ந்த விவசாயிக்குக் கிடைப்பது ஏமாற்றமே.

ஆனால் இன்று நட்ட கருவி நாளையே பலன் தந்துவிடாது. ஓர் இடத்தின் இயல்பைச் சொல்ல வழக்கமாக 30 ஆண்டுப் பதிவு கேட்கிறார்கள் வானிலை நிபுணர்கள். புதுக் கருவிகளுக்குப் பராமரிப்புப் பணம் ஒதுக்க வேண்டும்; தாலுகா அலுவலகங்களில் கரையான் அரிக்கும் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் திறப்பு விழா கிடையாது என்பதால் அரசியல்வாதிகளின் ஆர்வம் சந்தேகமே. நாளைக் காலை 8.30க்கும் யாரேனும் மானியின் புனலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மழை இல்லாவிட்டால் மறக்காமல் பூஜ்யம் எழுத வேண்டும்.