காரின் கூலண்ட்டும் ஊர்க் கால்நடைகளும்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல் முதலிய ஊர்களில் தொழுவம் இருந்த இடங்களில் இன்று கார்கள் நிற்பதைக் காண்கிறோம். ரேடியேட்டரின் பழைய கூலண்ட்டை வீட்டிலேயே மாற்ற விரும்புவோர் அதற்குரிய முறையை அறிதல் அவசியம். டிராக்டருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். அடியில் அகன்ற பாத்திரம் வைத்து, வடிகால் திருகைத் தளர்த்தி முழுவதையும் வடிக்க வேண்டும். பின்னர்த் தூய நீரால் அலசி வடித்து, அதையும் பாத்திரத்திலேயே பிடித்து, திருகை இறுக்கி, வண்டியின் கையேடு குறிக்கும் கூலண்ட்டை நிரப்புக. கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு உள்ளே படிந்து அடைக்கும்.

வடித்ததை என்ன செய்வது? பெரும்பாலான கூலண்ட்டுகளில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தெருவில் தேங்கினால் மாடும் நாயும் நக்கும். சிறுநீரகம் கெட்டு மடியும். மழைநீர்க் கால்வாயில் கொட்டினால் ஏரிக்கும் அடையாற்றுக்கும் போய்ச் சேரும். ஆகவே, மூடியுள்ள கேனில் அடைத்து, 'நஞ்சு' என எழுதி, குழந்தைகளுக்கு எட்டாது வைத்து, அதனை ஏற்கும் பணிமனையில் ஒப்படைப்போமாக. ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைத்தால் நம் கால்நடைச் செல்வம் காக்கப்படும்.