தேவாங்கும் கூழைக்கடாவும்

"ஏன்டா தேவாங்கு மாதிரி விழிக்கிறாய்?" என்று பிள்ளைகளை ஏசாத வீடு உண்டா? ஆனால் தேவாங்கை நேரில் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் முட்காடுகளில் வாழும் பிராணி இது. குரங்குக்குத் தூரத்து உறவு. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உடல். எடை கால் கிலோ அளவுதான். வால் கிடையாது. பகலெல்லாம் சுருண்டு தூங்கும். இரவில் கிளைகளைப் பற்றிப் பற்றி மெள்ள நகர்ந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தாய், குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும்.

இனி, திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கு வாருங்கள். அங்கே கூடு கட்டும் கூழைக்கடாவோ ஐந்து கிலோ எடையுள்ள பெரிய நீர்ப்பறவை. சிறகை விரித்தால் எட்டடி! அலகின் கீழே தொங்கும் பையில் மீனை அள்ளும். குஞ்சுகள் தாயின் வாய்க்குள்ளேயே தலையை விட்டு உணவை எடுத்துக்கொள்ளும்.

உருவத்தில் மட்டுமா வித்தியாசம்? அதிர்ஷ்டத்திலும்தான்!

பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது என்பது கூந்தன்குளத்தார் நம்பிக்கை. அவற்றின் எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. 1994-ல் சரணாலய அறிவிப்பு வருமுன்பே ஊரார் காவல் வந்துவிட்டது!

தேவாங்குக்கு வாய்த்த நம்பிக்கை வேறு. அதன் கண் மருந்துக்கு ஆகும், உடல் மாந்திரீகத்துக்கு ஆகும் என்று யாரோ கட்டிவிட்ட கதையால் எத்தனையோ உயிர்கள் போயின. பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தின்று உழவனுக்கு உதவும் பிராணிக்கு இந்தக் கதி!

1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தேவாங்கை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. 2022-ல் கடவூரில் 11,806 ஹெக்டேரில் தேவாங்குச் சரணாலயம் அமைந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது.

சட்டம் வந்துவிட்டது, இனி வரவேண்டியது ஊராரின் அன்பு. இரவில் வேலியோர மரத்தில் இரண்டு கண்கள் பளபளத்தால் பேயென்று அஞ்சிக் கல்லெடுக்காதீர்கள். அது பாவம், குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடி வந்த தாயாக இருக்கலாம்.